ஒப்பந்தக்காரரும் எஞ்சினியரும் ஒரே மேசையில்

கட்டட வேலைக் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் டெண்டர், பிறகு வரைபடம், மீதி எல்லாம் கடிதம். "தங்கள் கடிதத்தில் கண்டவற்றை ஏற்பதற்கில்லை" என்று தொடங்கும் கடிதங்கள். எழுத்தராக இருந்த காலத்தில் நானும் நிறைய தட்டச்சு செய்திருக்கிறேன். எதிராளி படிப்பதற்காக அவை எழுதப்படுவதில்லை. என்றைக்காவது மத்தியஸ்தரோ நீதிபதியோ படிப்பார் என்றுதான் எழுதுவார்கள். அதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும், கம்பி துருப்பிடிக்கும், சுவர் மட்டும் எழும்பாது.

சண்டை போடாமல் பேசித் தீர்த்தால் என்ன என்று கேட்கலாம். நம் பக்கத்தில் எஞ்சினியரும் ஒப்பந்தக்காரரும் சேர்ந்து காப்பி குடித்தாலே ஊர் வேறு மாதிரிப் பேசும். அந்தச் சந்தேகம் காரணமில்லாமல் வந்ததும் அல்ல. அதனால் நேர்மையான அதிகாரிகள்கூட எட்டியே நின்று கடிதம் எழுதினார்கள்.

இதே சிக்கலை அமெரிக்கர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை. அங்கே அணைகளையும் ஆற்று மதகுகளையும் கட்டுவது ராணுவத்தின் பொறியாளர் படை. 1980களில் ஒப்பந்த வழக்குகள் பெருகி அவர்களைத் திணறடித்தன. அந்தப் பத்தாண்டின் கடைசியில், அலபாமா மாநிலத்தில் பிளாக் வாரியர் ஆற்றில் ஆலிவர் அணை வேலையின்போது ஒரு புது வழியைச் சோதித்தார்கள். அதன் பெயர் 'பார்ட்னரிங்'. 1990களின் தொடக்கத்தில் அரிசோனா மாநில நெடுஞ்சாலைத் துறையும் அதைக் கைக்கொண்டது.

முறை எளிதானது. டெண்டர் வழக்கம்போல்தான், அதில் சலுகை கிடையாது. ஒப்பந்தம் முடிவானதும், வேலை தொடங்கும் முன்பே, இரு தரப்பாரையும் வேலையிடத்திலிருந்து தள்ளி ஓர் இடத்தில் ஓரிரு நாள் உட்கார வைக்கிறார்கள். நடத்துபவர் இரு தரப்பையும் சேராதவர். அவருக்கு 'ஃபெசிலிட்டேட்டர்' என்று பெயர். பிரெஞ்சு படித்த நம் தலைமுறைக்கு இந்தச் சொல் புதிதல்ல. 'ஃபசில்' என்றால் எளிது. ஆக இவர் எளிதாக்குபவர். மத்தியஸ்தரைப் போல் இவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஆட்களைக் கலந்து உட்கார வைப்பார். "இந்த வேலையில் எங்கே தகராறு வரும் என்று நினைக்கிறீர்கள்?" என்று முன்கூட்டியே கேட்டுப் பட்டியல் போடுவார். கூச்சப்பட்டு வாய் திறக்காத மேஸ்திரியையும் பேச வைப்பார். கடைசியில் எல்லோரும் ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்திடுவார்கள்.

அதோடு ஓர் ஏணியும் உண்டு. வேலையிடத்தில் தீராத பிரச்சினை குறித்த கெடுவுக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். அவரிடமும் தீராவிட்டால் அதற்கும் மேலே. யாரும் கோப்பின் மேல் உட்கார்ந்துகொள்ள முடியாது.

தாளில் கையெழுத்துப் போட்டால் மனம் மாறிவிடுமா? லண்டனில் நடந்ததைப் பார்ப்போம். ஹீத்ரோ விமான நிலையத்துக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1994 அக்டோபர் 21 அதிகாலையில், நிலையத்தின் நடுப்பகுதிக்குக் கீழே தோண்டிய சுரங்கங்கள் சரிந்தன. மேலே இருந்த கட்டடம் சாய்ந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. வழக்கமாக அன்றைக்கே வக்கீல்கள் வந்திருப்பார்கள். விமான நிலையத்தை நடத்திய பி.ஏ.ஏ. நிறுவனமோ, ஒப்பந்தக்காரரான பால்ஃபர் பீட்டியுடன் 'ஒரே அணி' என்று சேர்ந்து வேலையை மீட்க முடிவு செய்தது. பழைய பழக்கம் ஒரு நாளில் போகாது என்பதால், ஆட்களுக்குச் சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொடுக்கவே பயிற்சியாளர்களை அமர்த்தினார்கள். 1998 ஜூனில் ரயில் ஓடியது.

கைகோத்ததால் குற்றம் மறைந்துபோனதா? இல்லை. 1999-ல் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்காக அதே ஒப்பந்த நிறுவனத்துக்கு நீதிமன்றம் 12 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. வேலை ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அந்த அனுபவத்தை வைத்தே ஹீத்ரோவின் ஐந்தாவது முனையத்தையும் கட்டினார்கள். ஏறக்குறைய 430 கோடி பவுண்டு வேலை, சொன்ன தேதியில், 2008 மார்ச் 27 அன்று திறக்கப்பட்டது. ஆனால் முதல் நாளே பயணிகளின் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் தேங்கி, விமானங்கள் ரத்தாகி, உலகமே சிரித்தது. பெட்டிகளைக் கையாள வேண்டிய ஊழியர்களுக்குப் புது இடத்தில் போதுமான பயிற்சி இல்லாதது ஒரு காரணம். கட்டியவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததை நடத்துபவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

நம் சந்தேகத்துக்கு இதில் பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. இருவர் தனியே பேசினால் அது ரகசியம். பத்துப் பேர் எதிரில், இரு தரப்பையும் சேராத ஒருவர் குறிப்பெடுக்கப் பேசினால், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? நட்பும் களவும் வெளியிலிருந்து ஒரே மாதிரித் தெரியும். வித்தியாசம் கதவு திறந்திருக்கிறதா என்பதில்தான். கோடிக்கணக்கில் பொதுப்பணம் போகும் வேலையில், அந்த மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல. ஒரு வழக்கு நடத்தும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.