கண்ணுக்குத் தெரியாத வெயில்

பங்குனி, சித்திரை மாதங்களில் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்குச் சென்றவர்கள் கண்டிருப்பர்: உப்பிட்டு மணற்பரப்பில் விரித்த சிறுமீன் ஓரிரு நாளிலேயே கருவாடாகிவிடும். அவ்வூர்ப் பள்ளிவாசல் ஒன்றில் நிழற்கடிகாரமும் உண்டு. தொழுகை வேளையைச் சூரியனின் நிழல் கொண்டு கணித்த நம் முன்னோர் ஒளியை அளந்தனர். மீனை உலர்த்தும் வெப்பத்திலோ பெரும்பங்கு கண்ணுக்கே புலப்படாத கதிர்களுக்கு உரியது. நிலத்தை வந்தடையும் சூரிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதி அவற்றினுடையதே.

இதை உலகறியச் செய்தவர் 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷல். 1800ஆம் ஆண்டில் அவர் முப்பட்டைக் கண்ணாடியால் வெயிலை நிறம் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானிதான் எல்லாவற்றினும் மிகுதியாக ஏறிற்று. 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய பழவேற்காட்டு ஜெல்டிரியா கோட்டை ஆங்கிலேயர் வசமாகி அப்போது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. அக்கதிருக்கு 'அகச்சிவப்பு' என்னும் பெயர் பின்னரே வாய்த்தது.

இன்று அக்கதிரின் பெயரால் ஒரு வாணிபம் நடைபெறுகிறது. மரப்பலகை அறைக்குள் அமர்ந்து வியர்த்தால் உடலின் நச்சுகளெல்லாம் வெளியேறும், எடை குறையும், இரத்த அழுத்தம் தணியும் என்னும் விளம்பரம் நம் வீட்டாரின் கைபேசிகளுக்கும் வந்து சேர்கிறது. கதிர் உடலின் ஆழத்திற்குப் பாய்கிறது என்றும் சொல்கிறார்கள். அவ்வறைகளில் பெரிதும் பயன்படும் நெடுவீச்சு அகச்சிவப்போ தோலின் மேற்புறத்திலேயே, ஒரு மில்லிமீட்டர் ஆழத்திற்குள்ளாகவே, உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அங்கிருந்து சூட்டை உள்ளே கொண்டு செல்வது இரத்த ஓட்டமே. வியர்வையோ பெரும்பாலும் நீரும் உப்புமே. கழிவை அகற்றும் பணியை ஈரலும் சிறுநீரகமும் செய்துவருகின்றன. குறைந்ததாகக் காட்டும் எடை, இரண்டு குவளைத் தண்ணீர் அருந்தியதும் திரும்பிவிடும்!

வெப்பத்தால் நலமே இல்லை என்பது நம் கருத்தன்று. ஹம்மாம் நம் நாகரிகத்தின் செல்வங்களுள் ஒன்றன்றோ? 1037இல் மறைந்த பேரறிஞர் இப்னு சீனா தம் 'அல்கானூன்' நூலில் குளியலறையின் மூன்று கூடங்களைப் பிரித்துரைத்தார்: முதலாவது குளிர்ச்சியும் ஈரமும் தருவது, அடுத்தது வெம்மையும் ஈரமும் தருவது, மூன்றாவது வெம்மையும் வறட்சியும் தருவது. அதனுள் நெடுநேரம் தங்கினால் மயக்கமும் நெஞ்சின் தளர்ச்சியும் நேரும் என்று எச்சரிக்கவும் அவர் மறக்கவில்லை. யூனானி வைத்தியம் இன்றளவும் ஹம்மாமை ஒரு சிகிச்சையாகவே கையாளுகிறது. சிகிச்சை என்றால் ஆளுக்கும் நோய்க்கும் ஏற்ற அளவு உண்டு என்பதை விளம்பரக்காரர்கள் மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

நம் காலத்து ஆராய்ச்சிகளையும் பார்ப்போம். பின்லாந்தில் 2,315 ஆடவரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கி 2015இல் வெளிவந்த ஆய்வு, அடிக்கடி வெந்நீராவிக் குளியல் எடுப்போரிடையே இதயநோய் மரணம் குறைந்திருந்ததைக் காட்டிற்று. அது 80 பாகைக்கு மேற்படச் சூடேறும் மரபு அறை, அகச்சிவப்புப் பெட்டியன்று. நலமுள்ளவர்களே அடிக்கடி அங்கே போயிருக்கவும் கூடும். ஜப்பானியரோ 60 பாகை அகச்சிவப்பு அறையில் இதயத்தளர்ச்சி நோயாளிகளைப் பதினைந்து நிமிடம் அமர்த்தி, பின் போர்வை போர்த்தி ஓய்வளிக்கும் 'வாவோன்' முறையைக் கண்டனர். 2016இல் வெளிவந்த அவர்களது பல மருத்துவமனை ஆய்வில், முதன்மையாக அளந்த இரத்தக் குறியீட்டில் இரு பிரிவினரிடையே உறுதியான வேறுபாடு தென்படவில்லை. அதுவும் மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நாம் கவலுறுவது நம் வீட்டுப் பெரியவர்களைக் குறித்தே. அழுத்தத்திற்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை உண்பவர், நீரிழிவால் கால் மரத்துப்போனவர், நோன்பு வைத்திருப்பவர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் இத்தகைய அறையினுள் நுழைந்தால் மயக்கமோ தீப்புண்ணோ நேரலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு வியர்வையை நம்பினாலோ, நேரும் கேடு இன்னும் பெரிது.

ஏரியில் வலை வீசிவிட்டு உச்சிவெயிலில் கரையேறும் மீனவர் முதலில் தேடுவது நிழலையும் ஒரு குவளைத் தண்ணீரையுந்தான்.