இஃயா: களைப்புக்கு இப்னு சீனா வகுத்த இலக்கணம்

முடக்குவாதம் கண்டவர்கள் மூட்டு வலியைச் சொன்னால் காது கொடுப்போர் உண்டு. உடம்பில் தெம்பில்லை என்றால் காது கொடுப்போர் அரிது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. அம்பத்தூர்த் தையற்கூடங்களிலும் ஆவடி, பூந்தமல்லி இல்லங்களிலும் நோயுற்ற பெண்கள், சோம்பேறி என்னும் பழியையும் சேர்த்தே சுமக்கின்றனர். அப்பழி நியாயமன்று என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஆயிரமாண்டுச் சான்று கிடைக்கிறது.

ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு சீனாவின் 'அல்கானூன் ஃபித் திப்' ஐந்து பாகங்களால் ஆனது. அதன் முதற்பாகத்தில், உடற்பயிற்சி பற்றிய பகுதியை ஒட்டி, 'இஃயா' எனும் களைப்பை அவர் வகைப்படுத்துகிறார். புண்பட்டாற் போன்றது, இழுத்துப் பிடித்தாற் போன்றது, வீங்கினாற் போன்றது என மூன்று. உலர்ந்து வற்றினாற் போன்றது நான்காவது. மூன்றாவதற்கு 'வரமீ' என்று பெயர். (வரம் என்பது அரபியில் வீக்கம், நம் தமிழ் வரத்தோடு மயங்கற்க.) இவ்வகையில் உடல் வழக்கத்தினும் சூடாயிருக்கும், தொட்டாலும் அசைத்தாலும் நோகும். உழைப்பால் வரும் களைப்பையும் தானே தோன்றும் களைப்பையும் அவர் வேறு பிரிக்கிறார். பின்னது நோயின் முன்னறிவிப்பு என்பது அவர் துணிபு. இக்கருத்தின் வித்து ஹிப்போகிரட்டீஸிடமே உண்டு. அதற்கு விரிந்த இலக்கணம் கானூனில் காணக்கிடைக்கிறது.

மூட்டு நோயாகிய 'வஜவுல் மஃபாஸில்' மூன்றாம் பாகத்தின் இறுதியில், நிக்ரிஸ், இர்குன்னஸா ஆகியவற்றோடு பேசப்படுகிறது. இன்று யூனானி மருத்துவர்கள் முடக்குவாதத்தை இப்பெயராலேயே குறிக்கின்றனர். ஆயினும், இப்னு சீனா கண்டது இன்றைய முடக்குவாதமே எனச் சாதிப்போருடன் நாம் உடன்படோம். அப்பெயர் பலவகை மூட்டு நோய்களையும் அடக்கியது. பாரிஸின் லாண்ட்ரே போவே 1800இல்தான் இந்நோயைத் தனித்து விவரித்தார்; இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை லண்டன் மருத்துவர் கேரட் 1859இல் சூட்டினார்.

பெயர் கிடைத்த பின்னும் கவனம் மூட்டிலேயே நின்றது. 1981இல் வகுக்கப்பட்ட நோய் தணிவு அளவுகோலில் களைப்பின்மை ஒரு விதியாக இடம்பெற்றது உண்மை. ஆனால் நோயை இனங்காண 1987இல் அமெரிக்க வல்லுநர்கள் வகுத்த விதிகளில் களைப்பு இல்லை. மருந்துச் சோதனைகளில் அதையும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரை 2007இல்தான் வெளியாயிற்று. அதற்கு உந்துதல் தந்தவர்கள், வல்லுநர் அவையில் உடனமர்ந்து பேசிய நோயாளிகளே!

இக்களைப்புக்கு ஒரே ஊற்று இல்லை. அழற்சியின்போது சுரக்கும் வேதிப்பொருள்கள் மூளையையும் தாக்குகின்றன. நீடித்த அழற்சி உடலிலுள்ள இரும்பைப் பயன்பட விடாமல் பூட்டிவைப்பதால் இரத்தசோகை வருகிறது. வலி உறக்கத்தைக் கெடுக்கிறது. மனச்சோர்வு, தைராய்டுக் குறை, நுரையீரல் தழும்பு, இதயநோய் ஆகியன உடன் சேர்வதுண்டு. மூட்டு வீக்கம் அடங்கிய பிறகும் பலருக்குக் களைப்பு நீங்குவதில்லை. ஆதலால் மூட்டு மருந்தோடு நில்லாமல், இரத்தசோகை, தைராய்டு, இதயம் ஆகியவற்றையும் மருத்துவரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்வது தகும். மாடிப்படி ஏறுகையில் புதிதாக மூச்சுத் திணறினால், அதை வாதத்தின் கணக்கில் எழுதிவிட்டுக் காத்திருக்கலாகாது.