குதிரையும் உறையும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் பயணம் செய்வோர், கோவளத்தை மீனவர் வாழும் ஊராகவும் அலைச்சறுக்கு விளையாட்டுக்கு இளைஞர் கூடும் இடமாகவும் அறிவர். அங்கே ஒரு கோட்டை இருந்ததை அறிந்தோர் சிலரே. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் எழுந்த அக்கோட்டை பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது. 1752-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் இராபர்ட் கிளைவ் அதனை முற்றுகையிட்டான். கோட்டை பணிந்தது, செங்கற்பட்டும் அடுத்துப் பணிந்தது. இவ்வளவே பாடநூல்கள் கூறும். அம்முற்றுகையில் நிகழ்ந்த வேறொன்றைப் பற்றியே மாணவர்களாகிய உங்களிடம் இன்று பேச விரும்புகிறேன்.

கிளைவின் படையில் இருந்தோர் சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கிய 200 வெள்ளையரும், புதிதாகத் திரட்டப்பட்ட 500 சிப்பாய்களும் ஆவர். அவ்வெள்ளையருள் பலர் இலண்டன் மதுக்கடைகளில் ஆள்பிடிப்போர் வாரிக் கொணர்ந்தவர்கள். கோட்டையிலிருந்து குண்டு ஒன்று வந்து ஒருவன் வீழ்ந்ததும் ஏனையோர் திரும்பி ஓடினர். மற்றொரு முறை பீரங்கி முழங்கிய ஓசைக்கே அஞ்சி ஓடிய காவலாள் ஒருவனை, நெடுநேரம் தேடிக் கிணற்றின் அடியில் கண்டெடுத்தனர்! இதனை எழுதிய மெக்காலே அவர்களை எள்ளி நகையாடுகிறார். பல்லாண்டு பிள்ளைகளோடு பழகிய எனக்குச் சிரிப்பு வரவில்லை. கற்பிக்காத ஒன்றை ஒருவன் அறியவில்லை என்று நகைப்பது எவ்வாறு பொருந்தும்? கிளைவ் நகைக்கவில்லை. ஆபத்தான இடங்களில் தானே முன்னின்று, சிறிது சிறிதாக அவர்களைப் பழக்கினான். சில நாட்களில் அதே கூட்டம், செங்கற்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படையைப் பதுங்கியிருந்து தாக்கி, 300 பேரைச் சிறைப்பிடித்தது.

இக்கதையில் நாம் கருத வேண்டியது திடுக்கிடுதல் என்னும் உடலியல்பை. எதிர்பாராத ஓசை கேட்டால் மனிதனின் கைவிரல்கள் தாமே மடங்கி இறுகும். அறிவைக் கேட்டு அவை மடங்குவதில்லை. அவ்வேளையில் சுட்டுவிரல் துப்பாக்கியின் விசைமேல் இருந்தால் என்னாகும்? எவரும் சுட எண்ணாத குண்டு புறப்பட்டுவிடும். பகைவன் குண்டுக்கு அஞ்சிய படைகள் யாவும் தம் வரிசையிலேயே தவறி வெடிக்கும் குண்டுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது.

‘துப்பாக்கி’ என்பது துருக்கிய மொழிவழி நமக்கு வந்த சொல். ஆயினும் அதன் உறுப்பொன்றுக்குத் தமிழர் தாமே ஓர் அழகிய பெயர் இட்டனர். பின்னே இழுத்து நிறுத்தி, விட்டால் முன்னே பாயும் சுத்தியலைக் ‘குதிரை’ என்றனர். கட்டியிருக்கும் வரையில் அடங்கி நிற்கும், கட்டவிழ்ந்தால் பாயும். இதனினும் பொருத்தமான பெயர் உண்டோ?

மிகப் பழைய திரித் துப்பாக்கியில் எரியும் திரியையும் வெடிமருந்தையும் ஒருவனே தாங்கி நின்றான். அவன் நிலை அடுப்பருகே பஞ்சு விற்பவன் நிலையாகும். அடுத்து வந்த சக்கிமுக்கித் துப்பாக்கியில் தீ வேண்டும்பொழுது மட்டுமே பிறந்தது. குதிரையின் வாயில் கவ்விய கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி எழுப்பும். அக்குதிரையைப் பாதி இழுத்து நிறுத்த ஒரு வெட்டுப்பள்ளம் அமைத்தனர். அந்நிலையில் விசையை அழுத்தினாலும் அது பாயாது. மருந்திடும்போது வீரனுக்கு அதுவே காப்பு. ஆனால் பள்ளம் தேய்ந்தால் குதிரை நழுவும். பொறியைக் கண்ட அன்றே பொறியின் குறையும் பிறந்துவிட்டது.

1836-இல் சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கர் சுழல் துப்பாக்கிக்கு உரிமை பெற்றார். அவர் பெயரால் அமைந்த தொழிற்சாலை 1873-இல் வெளியிட்ட ஆறு தோட்டா ரிவால்வரில் ஐந்தே இட்டு, குதிரையின் கீழ் உள்ள அறையை வெறுமையாக விடுவது அறிந்தோர் வழக்கம். ஏனெனில் அது கீழே விழுந்தாலோ, குதிரைமேல் அடிபட்டாலோ வெடிக்கக்கூடும். ஆறில் ஒன்றைத் துறந்தவன் தன் காலைக் காத்துக்கொண்டான். பின்வந்தோர், விசையை முழுதும் இழுத்தாலன்றிக் குதிரை தோட்டாவைத் தொடாதவாறு இடையே ஓர் இரும்புத் துண்டை வைத்தனர். 1982-இல் ஆஸ்திரியப் படை ஏற்ற கிளாக் பிஸ்டலில் வெளியே தெரியும் குதிரையும் இல்லை. கட்டைவிரலால் தள்ளும் காப்புப் பூட்டும் இல்லை. விசையின்மேலேயே சிறு நெம்புகோல் ஒன்று உண்டு. அதனை விரல் அழுத்தினால் சுடும், இல்லையேல் சுடாது. நம் நாட்டுத் தேசியப் பாதுகாப்புப் படையும் இதனைக் கையாள்கிறது.

விசையைத் தொடுவது விரலா, சட்டையின் நுனியா என்று அந்நெம்புகோல் அறியுமோ? அறியாது. இங்கேதான் உறையின் பெருமை விளங்கும். கைத்துப்பாக்கி உறையை ஆடையணியின் ஒரு பகுதி என்று கருதுவோர் உளர். உண்மையில் அது துப்பாக்கியின் பாதுகாப்புப் பொறிகளுள் ஒன்று. நல்ல உறை விசையையும் அதன் வளையத்தையும் முழுதும் மூடும். துப்பாக்கியை எடுத்த பின்னும் வாய் குவிந்து சுருங்காது. ஓடினாலும் குனிந்தாலும் துப்பாக்கியை விடாது.

துப்பாக்கியை உறையிலிருந்து உருவுவதைவிட மீண்டும் உறையில் இடுவதே ஆபத்து மிக்கது. விரல் விசையில் நிலைத்திருத்தல், சட்டை நுனியோ கயிற்று முடிச்சோ உறைக்குள் சிக்குதல் ஆகியவற்றால் பலர் தம் தொடையிலேயே சுட்டுக்கொண்டுள்ளனர். ஆதலின் பயிற்சியாளர் கூறுவது: விரலை விசையிலிருந்து அகற்றிச் சட்டத்தின் பக்கவாட்டில் நேராக நீட்டுக, ஆடையை விலக்குக, உறையின் வாயைக் கண்ணால் காண்க, மெல்ல இடுக, தடை தோன்றினால் அழுத்தாது நின்று, வெளியே எடுத்துப் பார்க்க. உருவும் வேகத்தைக் கடிகாரம் கொண்டு அளக்கும் போட்டிகள் உண்டு. உறையிலிடும் வேகத்தை அளக்கும் போட்டியை நான் கேள்விப்பட்டதில்லை. ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளிலோ உறைக்கே இடமில்லை.

பள்ளியில் தேசிய மாணவர் படைக்குப் பொறுப்பேற்றிருந்த ஆண்டுகளில் மாணவர்களைச் சுடும் தளத்திற்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். சுட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் துப்பாக்கியின் அறையைத் திறந்து காட்ட வேண்டும். ‘இப்போதுதானே ஐயா பார்த்தீர்கள்?’ என்று வினவுவார்கள். மறுபடியும் காட்டு என்பதே விடை. காட்டுவது அலுப்புத் தரும் செயல்தான். அலுப்புத் தரும்வரை செய்தால்தான் அது கைப்பழக்கம் ஆகும்.

விரலும் உறையும் ஒழுங்காயிருந்தாலும் தளம் ஒழுங்காயில்லையெனில் பயன் யாது? குண்டு எங்கே சென்று முடியும் என்பதற்கு விடை கூறுவது இலக்கின் பின்னே எழுப்பும் மண்மேடு. அது போதிய உயரமும் தடிப்பும் உடையதாய், அப்பால் ஊரில்லாததாய் இருத்தல் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையை அடுத்த சுடும் தளத்தில் 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்தனர். அன்று பறந்துவந்த குண்டொன்று, தளத்திற்கு வெளியே தன் பாட்டனார் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. தஞ்சை மருத்துவமனையில் 2022 ஜனவரி 3 அன்று அவன் உயிர் நீத்தான். உங்களில் இளையோரின் வயதே அவனுக்கு. துப்பாக்கியை அவன் தொட்டதுமில்லை. கிணற்றில் ஒளிந்த கோவளத்துக் காவலாளுக்கு ஓசையாவது முன்னே கேட்டது.

செங்கற்பட்டை அடுத்த ஒத்திவாக்கத்தில் தமிழ்நாடு காவல்துறையின் சுடும் தளம் உள்ளது. கிளைவின் படை நடந்த நிலப்பகுதியே அது. போட்டித் தளங்களுக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைப்பின் ஒன்றைக் கவனியுங்கள். சுடாத வேளையில் ஒவ்வொரு துப்பாக்கியின் அறையிலும் பளிச்சிடும் நிறத்தில் ஒரு சிறு கொடியோ கயிறோ செருகப்பட்டிருக்கும். உள்ளே தோட்டா இல்லை என்பதைத் தொலைவில் நிற்பவரும் அதனால் அறியலாம். இலக்கருகே ஒருவர் நடக்கும் வேளையில் அக்கொடி எல்லாத் துப்பாக்கிகளிலும் இருக்கிறதா என்று தள அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்வார்; அவர் முடிக்கும் வரையில் எவரும் துப்பாக்கியைத் தொடுவதில்லை.