லேஸ்

லேஸ் என்பது நூலை முறுக்கியும் குறுக்கே மாற்றியும் முடிந்தும், இடையில் விடும் துளைகளாலேயே பூவும் கொடியும் காட்டும் அலங்காரப் பின்னல். இதற்குத் தறி வேண்டாம். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 16-ஆம் நூற்றாண்டிலும் இத்தாலியிலும் இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதியான பிளாண்டர்ஸிலும் இது தனிக்கலையாக வளர்ந்தது.

வெனிஸில் லினன் துணியின் இழைகளை உருவி, எஞ்சியவற்றை ஊசியால் கட்டித் தைத்தனர். பிறகு துணியையே விட்டுவிட்டு, வரைந்த கோட்டின்மேல் நூலை மட்டும் கொண்டு தைத்தனர். இது ஊசி லேஸ். மற்றொரு வகைக்குக் கெட்டியான திண்டு வேண்டும். அதன்மேல் துளையிட்ட மாதிரி அட்டையைப் பொருத்துவார்கள். சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்கள் இணை இணையாகத் தொங்கும். இரண்டு இணைகளை எடுத்துக் குறுக்கே மாற்றி, முறுக்கி, கூடுமிடத்தில் குண்டூசி குத்த வேண்டும். அகலமான வேலைக்கு நூற்றுக்கணக்கான கட்டைகள் ஆகும். முடிந்தபின் ஊசிகளைப் பிடுங்கினாலும் பின்னல் குலையாது.

தொடக்கத்தில் லேஸுக்கு லினன், பட்டு, பொன் வெள்ளிச் சரிகை ஆகியவையே பயன்பட்டன. பருத்தி நூல் 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. சீமான்களின் கழுத்துப் பட்டை, சட்டைக் கைவிளிம்பு, தேவாலயப் பீடத்துணி எல்லாவற்றிலும் லேஸ் இருந்தது. அதற்காக வெனிஸுக்குப் போகும் பணத்தைத் தடுக்க, பிரெஞ்சு அமைச்சர் கோல்பேர் 1665-இல் அரச ஆதரவில் லேஸ் கூடங்களை நிறுவினார். அவற்றால் புகழ்பெற்ற அலான்சோன் லேஸில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம் பிடிக்கும்.

இந்த உழைப்பின் மதிப்பைக் குலைத்தது இயந்திரம். ஆங்கிலேயர் ஜான் ஹீத்கோட் 1809-இல் வலைப்பின்னல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1816-இல் இங்கிலாந்தின் லாஃப்பரோவிலிருந்த அவருடைய ஆலையின் இயந்திரங்களை, இயந்திரங்களை எதிர்த்த தொழிலாளர்களான லட்டைட்டுகள் உடைத்தனர். அவரோ டிவர்ட்டனுக்குப் போய்த் தொழிலைத் தொடர்ந்தார்.

ஏறத்தாழ அதே காலத்தில், அன்று திருவிதாங்கூரிலிருந்த நாகர்கோவிலில் கைலேஸ் வேரூன்றியது. லண்டன் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820-களில் விடுதிப் பள்ளி மாணவியருக்கு இதைக் கற்பித்தார். அவர் மகள் எலிசா, மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை மணந்தபின் இடையன்குடியிலும் லேஸ் வேலையைத் தொடங்கினார். விற்ற பணம் பள்ளிக்கு உதவியது. என்றாலும் இத்தொழிலின் பெருமை வேறு: அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில பெண்கள், லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டதாக மிஷன் பதிவுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855-இல்தான்.