ஏழு வருஷக் கணக்கு

"ஏம்ப்பா, நல்லா போய்ட்டிருக்கிற குழு எல்லாம் ஏழாவது வருஷம் உடைஞ்சுடுது?"

கேட்டது மகள். அவளுக்குக் கொரிய ஐடல் குழுக்கள் என்றால் உயிர். ஃபோர்மினிட் 2009-இல் வந்தது, 2016-இல் முடிந்தது. சிஸ்டார் 2010-இல் வந்து 2017-இல் முடிந்தது. ரசிகர்கள் இதை 'ஏழு வருஷச் சாபம்' என்கிறார்கள். சாபம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும்.

தேடப் போன இடத்தில் ஒரு வலை நாவலில் மாட்டிக்கொண்டேன். பெக் தொக்சு எழுதி, 2021 ஜனவரியில் காகாவோபேஜில் தொடராகத் தொடங்கியது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'அறிமுகமாகாவிட்டால் செத்துப்போகும் நோய்'. பயப்பட வேண்டாம், படித்தால் மனசு லேசாகும் கதைதான். அரசுத் தேர்வுக்குப் படித்துப் படித்துச் சலித்த 29 வயதுக்காரன் ஒருவன், வேறொரு பையனின் உடம்பில் கண் விழிக்கிறான். கண்முன்னே ஒரு பலகை மிதக்கிறது: 365 நாளுக்குள் ஐடலாக மேடையேறு, இல்லாவிட்டால் மரணம். (எங்கள் தொழிலில் இதற்கு டெட்லைன் என்று பெயர். அங்கே அது நிஜமாகவே டெட்.) மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு டிவி போட்டியில் சேருகிறான். அங்கே திக்கித் திக்கிப் பேசும் ஒரு பையனுக்குத் துணையாக நிற்கிறான். எனக்குப் பிடித்தது இந்த மாதிரி இடங்கள்தான்.

நாவலில் வரும் அந்தப் போட்டிக்கு நிஜத்தில் அண்ணன் உண்டு. எம்நெட் சேனலின் 'புரொடியூஸ் 101', 2016-இல் தொடங்கியது. 2019-இல் அந்த ஓட்டு எண்ணிக்கையே திருத்தப்பட்டது என்று அம்பலமாகி, தலைமை இயக்குநர் 2 வருஷம் சிறைத்தண்டனை பெற்றார். நாவல் வெளியாகத் தொடங்கியபோது அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. தான் போட்ட ஓட்டு வீணாய்ப் போன ரசிகருக்கு, உழைத்தவன் ஜெயிக்கிற ஒரு கதை எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஏழுக்கு வருவோம். 2003 டிசம்பரில் தோங்பாங்ஷின்கி என்ற ஐவர் குழு அறிமுகமானது. 2009 ஜூலை 31 அன்று அவர்களில் மூவர், ஜேஜூங், யூச்சுன், ஜுன்சு, தங்கள் நிறுவனமான எஸ்எம் மீது சியோல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒப்பந்தம் 13 வருஷம் என்பது முக்கியமான புகார். மூவரும் மேடையேறியபோது வயது 17. நடுவில் விலகினால் போட்ட முதலீட்டின் மூன்று மடங்கும், மீதிக் காலத்து லாபத்தின் இரண்டு மடங்கும் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த அக்டோபரில், அவர்களுடைய தனிப்பட்ட வேலைகளைத் தடுக்கக்கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. வழக்கு 2012-இல் சமரசமாக முடிந்தது.

வழக்குப் போடுவதற்குச் சில வாரம் முன்னால்தான், அதே ஜூலையில், கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் கலைஞர்களுக்கான மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டிருந்தது. பாடகரின் ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு மேல் போடப்பட்டிருந்தாலும், ஏழு முடிந்தபின் அவர் விலகுவதாக அறிவிக்கலாம் என்று அதில் இருந்தது. அறிவித்த ஆறு மாதத்தில் ஒப்பந்தம் காலாவதி என்றும் இருந்தது. வழக்கு கிளப்பிய பரபரப்பில் ஏழு என்ற எண் துறையில் ஊன்றிவிட்டது.

ஆக, ரசிகர்கள் சாபம் என்று அழுவது, கையெழுத்துப் போட்ட பிள்ளைகளுக்குக் கதவு திறக்கிற நாள். சேர்ந்தே இருக்க விரும்பினால் புதுப்பித்துக்கொள்ளலாம், சில குழுக்கள் அப்படியே செய்கின்றன.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்போ அவங்களுக்கு ஆறு மாசம் நோட்டீஸ் பீரியடா? உனக்கு எத்தனைப்பா?"

"மூணு மாசம்."

"நீ பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு நாவலின் அடுத்த அத்தியாயத்தைத் திறந்தாள்.