டகெடாவின் கணக்கு நோட்டு

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு லாரிகள் போகிற ரோட்டை ஒட்டித்தான் எங்கள் வீடு. பத்து வீடு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். இளவயதில் பரம்பரைக் குத்துச்சண்டை போட்டவர். "உக்காரு தம்பி, சொல்றேன்" என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போகும். ஒருநாள் போனில் ரெக்கார்ட் பண்ண வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ், ரிலீஸ், ஞாயிற்றுக்கிழமை சோம்பல். போன வருஷம் அவர் போய்விட்டார். என்னிடம் ஒரு நிமிட ஆடியோகூட இல்லை.

அந்த உறுத்தலில் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கதை. ஸ்டான்லி ப்ரானின் (1945-2017) ஒரு அமெரிக்கர். அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்றவர். 1974ல் கலிஃபோர்னியாவில் 'அய்கி நியூஸ்' என்ற சிறு பத்திரிகையைத் தொடங்கினார். அய்கிடோவை உருவாக்கிய மொரிஹேய் உவெஷிபாவின் (1883-1969) வாழ்க்கை பற்றிய ஜப்பானியக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் தருவதுதான் முதல் வேலை. 1977ல் ஜப்பானுக்கே குடிபோனார். அங்கே பத்திரிகை ஆங்கிலம், ஜப்பானியம் என இருமொழி இதழானது. பின்னால் ஆங்கிலப் பதிப்புக்கு 'அய்கிடோ ஜர்னல்' என்று பெயர் மாறியது. ஜப்பானியப் பதிப்பு தனியாக நடந்தது. இணையம் வந்தபிறகு வேறு மொழிகளிலும் கட்டுரைகள் வந்தன.

பல மொழிப் பத்திரிகை நமக்குப் புதுசு இல்லை. 1947 ஜூலையில் இதே சென்னையிலிருந்து தமிழில் 'அம்புலிமாமா'வும் தெலுங்கில் 'சந்தமாமா'வும் ஒன்றாகக் கிளம்பி, பிறகு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனதே. ஆனால் அதில் கதை ஒன்றுதான், மொழி மட்டும் மாறும். ப்ரானினுக்கு இருந்த சிக்கல் வேறு. அவர் போட்டது வரலாறு. பேட்டி கொடுத்தவர் ஜப்பானியர், படிப்பவர்களில் பலர் வெளிநாட்டினர். ஆங்கிலத்தில் மட்டும் போட்டால், பேட்டி கொடுத்தவருக்கே தான் சொன்னது என்னவாக வந்திருக்கிறது என்று தெரியாது. ஜப்பானியத்தில் மட்டும் போட்டால் வெளியுலகம் கேள்வி கேட்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டு பக்கமும் சரிபார்க்கலாம். எங்கள் தொழிலில் கோட் ரெவ்யூ என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான்.

அப்படிச் சரிபார்க்க வேண்டிய விஷயமும் அதில் இருந்தது. உவெஷிபா 1915ல் ஹொக்கைடோ தீவில், எங்கரு என்ற ஊரில், சோகாகு டகெடா (1859-1943) என்பவரைச் சந்தித்தார். டகெடா டைட்டோ-ரியு என்ற பழைய ஜுஜுட்சு முறையின் ஆசான். கடுமையான மனிதர், ஊர் ஊராகப் போய் கற்றுக்கொடுத்தவர். 1922ல் அவர் உவெஷிபாவுக்கு, கற்றுக்கொடுக்கும் உரிமைச் சான்றிதழ் தந்தார். 'அய்கிடோ' என்ற பெயர் வந்தது 1942ல்தான். ஆனால் போருக்குப் பிறகு அய்கிடோக்காரர்கள் சொன்ன வரலாற்றில் டகெடாவுக்குக் கிடைத்தது சின்ன இடம். பலரிடம் கற்றவர் உவெஷிபா, அந்தப் பலரில் டகெடாவும் ஒருவர் என்கிற மாதிரி.

ப்ரானின் இதில் வாதம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. டகெடாவின் மகன் டொகிமுனேவைத் தேடிப் போனார். டகெடாவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது என்பார்கள். ஆனாலும் அவரிடம் இரண்டு வகை நோட்டு இருந்தது. ஒன்றில் யார், எந்த ஊர், எப்போது கற்றார் என்று கற்றவர்களே எழுதவேண்டும். இன்னொன்று யார் எவ்வளவு கட்டணம் கொடுத்தார் என்ற கணக்கு. உவெஷிபாவின் பெயரும் அவற்றில் இருந்தது. நூறு மேடைப்பேச்சுக்கு இது சமம். கிட்டத்தட்ட ஒரு லாக் ஃபைல். உவெஷிபாவின் கலைக்கு டகெடாதான் முக்கிய ஊற்று என்று ப்ரானின் எழுதிக்கொண்டே இருந்தார். அதோடு, போருக்கு முந்தைய மாணவர்கள் முதியவர்களாகிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்தார். அவை 1993ல் புத்தகமாகவும் வந்தன.

இதைப் படித்ததும் நம்ம ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வந்தது. நான் சின்ன வயதில் கராத்தே கற்ற மொட்டை மாடியில் போதிதர்மர் படம் மாட்டியிருக்கும். காஞ்சிபுரத்துக்காரர், ஷாவோலினுக்குக் கலையைக் கொண்டுபோனவர் என்று மாஸ்டர் சொல்வார். 2011ல் 'ஏழாம் அறிவு' வந்தபிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் போதிதர்மரையும் அந்த உடற்பயிற்சிகளையும் இணைக்கிற சீன நூல் 1624 வாக்கில்தான் வருகிறது. அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் பிந்தியது. 1930லேயே டாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் இந்தக் கதையைப் பிரித்து மேய்ந்துவிட்டார். நமக்குப் பிடித்த கதை என்பதற்காக அது வரலாறாகிவிடாது. எனக்கும் அந்தப் படம் பிடிக்கும், அது வேறு.

ஆனால் நிஜமாகவே நம்முடையது ஒன்று இங்கேயே இருந்தது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாக வடசென்னையில் கையுறை மாட்டி மோதினார்கள். 2021ல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்ததும் எல்லாரும் கொண்டாடினோம். யார் யாரிடம் கற்றார்கள், எந்த வருஷம் யாரோடு மோதினார்கள் என்பதில் பெரும்பகுதி இன்னும் வாய்வழிதான். டகெடா மாதிரி நோட்டு வைத்திருந்த வாத்தியார் யாராவது இருந்தால், அது ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும். அல்லது பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

பத்திரிகை நடத்தும் தெம்பெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் பெரியவரோடு கூட ஆடிய ஒருவர் காசிமேட்டுப் பக்கம் இருக்கிறார் என்று அவர் மகன் சொன்னார். வயது எண்பதைத் தாண்டிவிட்டதாம். இந்த ஞாயிறு போன் சார்ஜ் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். முதல் கேள்வி தயாராக இருக்கிறது: "உங்க வாத்தியார் யாரு தாத்தா?"