கொத்து வரிசை கண்ட சிறுவன்

ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகளுக்கு நடுவேயும் கொல்லையில் கோழி வளர்ப்போர் உண்டு. ஜாவாவின் பான்டென் துறைமுகத்தின் பெயரால் வழங்கும் பேன்டம் என்னும் சிறுகோழி ஒற்றையாகிவிட்டால், துணைக்கு இன்னொன்றை வாங்கி விடுகிறோம். பழைய கோழியோ அதைத் துரத்தித் துரத்திக் கொத்துகிறது! இது வெறும் பொல்லாத்தனமா?

விடை கண்டவர் நார்வே நாட்டுத் தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பே. சிறுவயதிலேயே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதிய அவர், 1922-இல் தம் ஆய்வை வெளியிட்டார். கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் அறிகின்றன. எது எதைக் கொத்தலாம் என்பதற்கு அவற்றிடையே ஒரு வரிசை உண்டு. வரிசை முடிவானதும் சண்டை தணிகிறது. புதிய கோழி வந்தால் வரிசையை மீண்டும் வகுத்தாக வேண்டும். நாம் காணும் சண்டை அதுவே.

ஆகவே, ஒத்த உருவமுள்ள இரண்டு பெட்டைகளை வாங்குங்கள்; கொத்து ஒன்றின்மேலேயே விழாது. வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய் இல்லையெனத் தெரியும்வரை சில வாரம் அவற்றைத் தனியே வையுங்கள். பின்னர்ப் பழைய கோழியின் கண்ணெதிரே பஞ்சாரத்தால் மூடி வையுங்கள்: பார்க்கலாம், எளிதில் கொத்த முடியாது. சில நாள் கழித்துத் திறந்துவிடும்போது தீனியை இரண்டு மூன்று இடங்களில் இடுங்கள். சிறு கொத்துகளில் தலையிட வேண்டாம். இரத்தம் கண்டால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள்.